கல்யாணப் பதிவேடே இல்லை... கனடாவில் 'லாயலிஸ்ட்' முன்னோர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

கனடாவில் சிலர் தங்கள் பெயருக்குப் பின்னால் 'யு.இ.' என்று இரண்டு எழுத்துகளைப் போட்டுக்கொள்வார்கள். அது படித்து வாங்கிய பட்டம் இல்லை. அமெரிக்கப் புரட்சியின்போது தங்கள் முன்னோர் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றார்கள் என்பதற்கான அடையாளம். 1914-ல் தொடங்கப்பட்ட யுனைடெட் எம்பயர் லாயலிஸ்ட்ஸ் சங்கத்தின் சான்றிதழ் வேண்டுமென்றால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்டியாக வேண்டும். 'எங்க பாட்டி சொன்னாங்க' என்பதெல்லாம் அங்கே செல்லாது.

யார் இந்த லாயலிஸ்டுகள்?

1775-ல் தொடங்கிய அமெரிக்க விடுதலைப் போர், 1783-ல் பாரிஸ் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அங்கிருந்த எல்லோரும் விடுதலை கேட்கவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விசுவாசமாக இருந்தவர்கள்தான் லாயலிஸ்டுகள். போரில் தோற்றதும் சுமார் 60 ஆயிரம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் மாயா ஜாசனாஃப். பாதிக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தது இன்றைய கனடாவுக்கு.

கல்யாணம் நடந்தது, பதிவு எங்கே?

தேடுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். அப்பர் கனடாவில், அதாவது இன்றைய தெற்கு ஒன்டாரியோவில், ஆங்கிலிகன் பாதிரியார் நடத்திய திருமணம் மட்டுமே சட்டப்படி செல்லும் என்ற நிலை இருந்தது. பாதிரியார்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். காட்டை வெட்டிக் குடிசை போட்டவர்கள் என்ன செய்வார்கள்? ராணுவ அதிகாரி முன்னாலும் மாஜிஸ்திரேட் முன்னாலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரெஜிமென்ட் டாக்டர்கூட கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறார்!

விஷயம் வெறும் சடங்கு சம்பந்தப்பட்டது இல்லை. திருமணம் செல்லாது என்றால் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையும் கேள்விக்குறிதான். அதனால்தான் 1793-ல் ஒரு சட்டம் வந்தது. பழைய கல்யாணங்கள் செல்லும் என்று அது அறிவித்தது. தம்பதிகள் மாஜிஸ்திரேட் முன் பிரமாணம் செய்து, பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் பதிவு செய்துகொள்ளலாம். 18 மைலுக்குள் ஆங்கிலிகன் பாதிரியார் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டே கல்யாணத்தை நடத்தலாம். இப்படிப் பதிவான பிரமாணப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

ராணுவப் பதிவு என்ன சொல்லும்?

'பட்லர்ஸ் ரேஞ்சர்ஸ்', 'கிங்ஸ் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் நியூயார்க்' போன்ற படைகளின் மஸ்டர் ரோல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளின் பெயர், பதவி, கம்பெனி, தேதி ஆகியவை அவற்றில் கிடைக்கும். மனைவி பெயர் பெரும்பாலும் இருக்காது. கியூபெக் ஆளுநராக இருந்த ஹால்டிமண்டின் ஆவணங்களில் உள்ள ரேஷன் பட்டியல்களைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் என்ற கணக்காவது தெரியும்.

படையின் பெயர் தெரிந்துவிட்டால் இன்னொரு வழியும் திறக்கும். போர் முடிந்ததும் வீரர்களைப் பெரும்பாலும் படைவாரியாகத்தான் குடியமர்த்தினார்கள். பட்லர் ஆட்கள் நயாகராவில், நியூயார்க் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் கார்ன்வால் பக்கம். படையை வைத்து ஊரைப் பிடிக்கலாம், ஊரை வைத்து அங்கிருந்த பாதிரியாரின் பதிவேட்டைப் பிடிக்கலாம். கிங்ஸ்டனில் ஜான் ஸ்டூவர்ட், நயாகராவில் ராபர்ட் அடிசன் எழுதி வைத்த பதிவேடுகள் அப்படிக் கைகொடுப்பவைதான்.

மகள் போட்ட மனு

உண்மையான புதையல் நில மனுக்களில்தான் இருக்கிறது. 1789-ல் ஆளுநர் டார்செஸ்டர் பிரபு காலத்தில் ஒரு உத்தரவு வந்தது. லாயலிஸ்ட்டின் மகனுக்கு 21 வயதானதும் 200 ஏக்கர். மகளுக்கும் அதே 200 ஏக்கர், 21 வயதானால் அல்லது அதற்கு முன்பே கல்யாணமானால். விளைவு? நிலம் கேட்டு வந்த பெண்கள் 'நான் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி' என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணப் பதிவேடு காணாமல் போன இடத்தில், அப்பாவையும் கணவரையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டுவது இந்த மனுதான். கனடா தேசிய நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இவற்றின் பெயர் அட்டவணையை இலவசமாகத் தேடலாம்.

கறுப்பின லாயலிஸ்டுகள் நிலை வேறு. அடிமையாக இருந்தவர்களுக்குச் சட்டப்படி திருமணப் பதிவு என்பதே கிடையாது. 1783-ல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3 ஆயிரம் பேரின் பெயர்கள் 'புக் ஆஃப் நீக்ரோஸ்' என்ற பேரேட்டில் உள்ளன. வயது, யாரிடம் அடிமையாக இருந்தார், எந்தக் கப்பல் என்ற விவரங்களும் உண்டு. பல குடும்பங்களுக்கு முதல் ஆவணமே அதுதான்.

எங்கே ஏமாறுவோம்?

பெயரில்தான். ஜெர்மன் வம்சாவளியினரின் 'ஷ்மிட்' ஆங்கில எழுத்தரின் கையில் 'ஸ்மித்' ஆகியிருக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரில் அப்பா, மகன், சித்தப்பா மகன் என மூன்று பேர் இருப்பதும் சகஜம். இன்னொன்று, 1792-ல் கவர்னர் சிம்கோ இலவச நிலம் தருவதாக அறிவித்ததும் அமெரிக்காவிலிருந்து பலர் வந்தார்கள். அவர்களை 'லேட் லாயலிஸ்ட்' என்பார்கள், இந்தச் சலுகைக் கணக்கில் வரமாட்டார்கள். அதிகாரப்பூர்வ யு.இ. பட்டியலிலேயே சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கும். தாத்தா பெயர் பட்டியலில் இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன், அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மஸ்டர் ரோலுக்குப் போவது நல்லது.