சுல்தானும் துரையும்

அட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் வழியெங்கும், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே உயர்ந்து காட்சி தருவது சிவனொளிபாதமலை. தேயிலையின் பெயரே இந்நாட்டில் அறியப்படாத கி.பி. 1344ஆம் ஆண்டில், மொரொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா அம்மலையைத் தரிசிக்க வந்தார். அவர் விட்டுச்சென்ற பயணக் குறிப்பு, ‘சுல்தான்’ என்னும் அரபுப் பட்டத்தின் பொருளை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

இச்சொல் தொடக்கத்தில் ஆளைக் குறித்ததன்று. அதிகாரம், மறுக்கவியலாத சான்று என்பனவே அதன் பழம்பொருள்கள். திருக்குர்ஆனிலும் அது இப்பொருள்களிலேயே வருகின்றது. பின்னரே அதிகாரத்தைக் கையிற் கொண்டவனுக்கு அது பெயராயிற்று. பதினோராம் நூற்றாண்டில் செல்யூக் மன்னர் துக்ரில் பேக் அதனைத் தம் நாணயங்களிற் பொறித்தார். பக்தாதிற் கலீபா இருக்க, படையும் ஆட்சியும் சுல்தானிடம் இருந்தன. கலீபா என்பது வழியுரிமையைச் சுட்ட, சுல்தான் என்பது நடைமுறை வலிமையைச் சுட்டிற்று.

இவ்வேறுபாட்டை உளங்கொண்டால் இபுனு பதூதாவின் வழக்குத் தெளிவாகும். புத்தளத்தில் தம்மை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தியை அவர் சுல்தான் என்றே குறிக்கின்றார். அவ்வரசர் முஸ்லிம் அல்லர்; வட இலங்கையை ஆண்ட தமிழ் மன்னர். பயணிக்குப் பல்லக்கு அளித்து, யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணைக்கு அனுப்பியவர் அவரே. வழியிற் கண்ட குனகார் என்னும் நகரைப் பெரிய சுல்தானின் தலைநகர் என்கின்றார் அப்பயணி. இலங்கையிலிருந்து அவர் சென்ற மதுரையிலோ முஸ்லிம் சுல்தான் ஆட்சி நிலவியது. மூவர்க்கும் பட்டம் ஒன்றே. சமயத்தையன்று, ஆணை செல்லும் எல்லையையே அச்சொல் அளந்தது. அதே நூற்றாண்டில் விசயநகர மன்னர் முதலாம் புக்கர் ‘இந்துராய சுரத்ராண’ என்னும் விருதைப் பூண்டமையும் இக்கருத்தை அரண் செய்யும்.

அம்மலையடிவாரத்திற் பிற்காலத்தில் வேறொரு பட்டம் வேரூன்றியது. தெலுங்கில் தொர எனவும் கன்னடத்தில் தொரெ எனவும் வழங்கும் சொல்லே தமிழில் துரை. தலைவன் என்பது அதன் பொருள். தோட்டங்களில் அது வெள்ளைக்கார நிருவாகியின் பெயராகி, பெரியதுரை, சின்னதுரை எனப் படிநிலை பெற்றது. அரபில் அதிகாரத்தைக் குறித்த சொல் ஆளைக் குறிக்கலாயிற்று. தமிழிலோ ஆளைக் குறித்த சொல்லிலிருந்து ‘துரைத்தனம்’ என அரசாங்கத்திற்கே பெயர் பிறந்தது.

இம்மாற்றம் வெறுஞ் சொல்லாராய்ச்சிக்கு உரியதன்று. வேலை, லயத்து அறை, அரிசி, மருந்து யாவும் ஒருவர் கையில் இருந்தவிடத்து, தொழிலாளி கண்ட அரசு துரையே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது அந்நிலை மேலும் இறுகிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஆங்கிலேயர் அகன்றும் பட்டம் அகலவில்லை. உள்நாட்டு நிருவாகியும் துரையென்றே அழைக்கப்படுகின்றார். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

பட்டங்கள் ஆள்வோரின் பெருமையை உரைப்பன என்பது பொதுக் கருத்து. உண்மையில் அவை ஆளப்படுவோரின் நிலையையே உரைக்கின்றன. துரை என்னும் சொல் வெறும் மரியாதை விளியாகத் தேயும் நாளே, துரைத்தனம் மக்களிடம் வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்றாகும்.