பேச மறுக்கப்பட்டவர்களின் முதலாண்டு

இராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் நாம். சீருடையைத் தூரத்தில் கண்டாலே எம்மில் பலருக்கு இன்னும் அடிவயிறு கலங்கும். அப்படிப்பட்ட எமக்கு ஒரு இராணுவக் கல்லூரியின் வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் கல்லூரியில் 1870க்கும் 1936க்கும் இடையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கறுப்பின மாணவர்கள் முதலாண்டை எப்படித் தாண்டினார்கள் என்பதையே இங்கு எழுதுகிறோம். இது படையின் கதை என்பதைவிட, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு கூட்டம் புதிதாக வந்தவனை என்ன செய்கிறது என்பதன் கதை. அந்நிய நாட்டுக் குசினிகளிலும் வகுப்பறைகளிலும் புதிதாக வந்தவர்களாக நின்றவர்களுக்கு அதில் கற்க நிறைய உண்டு.

நியூயோர்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் மேல் மேட்டில், 1802இல் இந்தக் கல்லூரி நிறுவப்பட்டது. இங்கு முதலாண்டு மாணவனுக்குப் பெயர் 'பிளீப்'. பண்டைய ரோமில் சாதாரண குடிமக்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கோடையில் வந்து சேரும் முதல் வாரங்களுக்கு 'மிருகக் கொட்டில்' என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முன்னர் நாடியை உள்ளே இழுத்துக் கழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. திரும்பும்போது மூலைகளை மட்டம்வைத்து வெட்டியதுபோல் திரும்ப வேண்டும். சாப்பாட்டு மேசையில் கதிரையின் விளிம்பில் இருந்து, கண்ணைக் கோப்பையை விட்டு எடுக்காமல் சாப்பிட வேண்டியிருந்தது. மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பானம் ஊற்றுவதும், கேக்கைச் சமதுண்டுகளாக வெட்டுவதும் பிளீப்பின் வேலை. கல்லம் மண்டபத்தில் எத்தனை விளக்குகள் என்று கேட்டால் 340 என்று உடனே சொல்ல வேண்டும். மேசையில் எவ்வளவு பால் மிஞ்சியிருக்கிறது என்பதைக்கூடப் பசுவைப் பற்றிய ஒரு நீண்ட பாடத்தை ஒப்புவித்துத்தான் சொல்ல வேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கொஞ்சக் காலமாவது காலடி வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. நாம் அதைப் பகிடிவதை என்போம். பகிடி குறைவு, வதையே கூட. வெஸ்ற் பொயின்றிலும் அது எல்லை மீறியது. 1898இல் சேர்ந்து சில மாதங்களில் விலகிய ஒஸ்கார் பூஸ் என்ற மாணவர் 1900 டிசம்பரில் இறந்தார். மேல்வகுப்பு மாணவர்கள் அவரது தொண்டைக்குள் உறைப்புச் சோஸை ஊற்றியதே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். மருத்துவர்கள் காசநோய் என்றனர். விடயம் அமெரிக்கக் காங்கிரஸ்வரை போனது. பின்னாளில் பெரும் தளபதியாகிய டக்ளஸ் மக்ஆதர் அப்போது அங்கு மாணவர். வதைக்குள்ளானவர்களில் ஒருவராக அவரும் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டார். 1901இல் பகிடிவதையைத் தடைசெய்து சட்டம் வந்தது. மக்ஆதர் 1919இல் கல்லூரியின் தலைவராக வந்தபோது, முதற்கோடைப் பயிற்சியை மேல்வகுப்பாரின் கையிலிருந்து பறித்து அதிகாரிகளிடம் கொடுத்தார். 1922இல் அவர் போனபின் பழைய முறை திரும்பி வந்துவிட்டது.

ஏன் திரும்பி வந்தது? அந்த வதைக்குள் ஒரு வாக்குறுதி இருந்தது. ஆண்டு முடிவில் 'அங்கீகரிப்பு' என்றொரு நாள் வரும். அதுவரை உறுக்கிய மேல்வகுப்பு மாணவன் பிளீப்பின் முன்னால் வந்து, கையை நீட்டி, தன் பெயரைச் சொல்வான். அந்தக் கைகுலுக்கலோடு அவன் 'எங்கட ஆள்' ஆகிவிடுவான். இன்று அவமானப்படுபவன் நாளை அவமானப்படுத்தும் உரிமையைப் பெறுவான். உள்ளே எடுப்பதற்காகச் செய்யப்படும் கொடுமை இது. முடியும் திகதி தெரிந்த துன்பத்தைப் பெரும்பாலானோர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடுகிறார்கள்.

முடியும் திகதி இல்லாத இன்னொரு தண்டனையும் அங்கு இருந்தது. அதன் பெயர் 'மௌனம்'. கல்லூரியின் நேர்மை விதியை மீறியதாகக் கருதப்பட்டவனோடு, கடமை தவிர்ந்த வேளைகளில் யாரும் பேசமாட்டார்கள். எமது ஊர்ப் பாஷையில் சொன்னால் ஒதுக்கிவைத்தல். 1973இல்தான் மாணவர்கள் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். ஆனால் எந்த விதியையும் மீறாத சிலருக்கு, அவர்கள் வாசலில் கால் வைத்த நாளிலிருந்தே இது விதிக்கப்பட்டிருந்தது.

முதலாமவர் ஜேம்ஸ் வெப்ஸ்ரர் ஸ்மித். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையாகி, 1870இல் வெஸ்ற் பொயின்றுக்குள் நுழைந்த முதல் கறுப்பின மாணவர். அந்த ஓகஸ்ட் மாதமே தண்ணீர் அள்ளும் இடத்தில் ஒரு வெள்ளை மாணவனோடு தகராறு. தேங்காய்ச் சிரட்டையாலான அகப்பையால் அடித்தார் என்று அவர்மீது இராணுவ நீதிமன்றத்தில் வழக்கு. சில மாதங்களின் பின், பொய் சொன்னார் என்று இன்னொரு வழக்கு. கல்லூரியை விட்டு விலக்கும்படி தீர்ப்பானது. வாஷிங்டன் அதைக் குறைத்து, முதலாண்டைத் திரும்பப் படிக்கும்படி ஆக்கியது. ஆக, ஸ்மித் அந்த முதலாண்டை இரண்டு தடவை அனுபவித்தார். அவர் சும்மா இருக்கவில்லை. நடப்பதையெல்லாம் கடிதங்களாக எழுதினார், அவை பத்திரிகைகளில் வந்தன. 1874இல் ஒரு பாடத்தில் தவறியதாகக் கூறி அவரை அனுப்பிவிட்டார்கள். 1876இல் காசநோயால் இறந்தார்.

தண்ணீர், சிரட்டை என்ற இரண்டு சொற்களையும் வாசிக்கும்போது யாழ்ப்பாணத்து வாசகர் ஒருகணம் நிற்க வேண்டும். எமது தேநீர்க் கடைகளில் யாருக்குக் குவளை, யாருக்குப் போத்தலும் சிரட்டையும் என்ற கணக்கு இருந்தது. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்ற கணக்கும் இருந்தது. 1957இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்த பிறகும் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நிற்க வேண்டியிருந்தது. ஒதுக்கிவைக்கும் கலையை வெள்ளைக்காரனிடமிருந்து யாரும் எமக்குக் கற்றுத்தரவில்லை. ஸ்மித்தின் கதையை வாசிக்கும்போது நாம் ஸ்மித்தின் பக்கத்தில் மட்டும் நின்றுகொண்டு வாசிக்க முடியாது.

1873இல் ஜோர்ஜியாவிலிருந்து ஹென்றி ஒசியன் பிளிப்பர் வந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர், வயது 17. வந்த புதிதில் ஸ்மித்திடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் கிடைத்தது. இங்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்ற புத்திமதிகள். 1878இல் வெளியிட்ட தன் நூலில் பிளிப்பர் இதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கடிதத்தின் துயரத் தொனியைப்போல் தன் நடத்தையைப் பாதித்தது வேறெதுவும் இல்லை என்கிறார். பின்னர் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஸ்மித் சண்டை பிடித்ததைப் பிளிப்பர் முழுமையாக ஏற்கவில்லை. தானாகப் போய் யாரிடமும் பேச்சுக் கேட்பதில்லை, உறவு கேட்பதில்லை என்று அவர் தனக்கு ஒரு வழியை வகுத்துக்கொண்டார். 1877 யூனில், 76 பேரில் 50ஆவதாகத் தேறி, முதல் கறுப்பினப் பட்டதாரியானார். வரலாற்று நூல்கள் பிளிப்பரை 'முதல்வர்' என்று எழுதும். ஸ்மித்தைத் 'தோற்றவர்' என்று ஒரு வரியில் முடிக்கும். ஆனால் தோற்றவரின் கடிதம் இல்லாமல் முதல்வர் உருவாகியிருப்பாரா என்பதே எமது கேள்வி.

பிளிப்பரின் கடைசி ஆண்டில் அவருடைய அறைக்கு வந்து சேர்ந்தவர் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜோன்சன் விற்றேக்கர். ஒரு வெள்ளை மாணவன் அவரை அடித்தபோது, ஸ்மித்தைப்போலத் திருப்பி அடிக்காமல் முறைப்படி புகார் செய்தார். அதனால் கோழை என்று பெயர் வாங்கினார். திருப்பி அடித்தவன் குழப்பக்காரன், அடிக்காதவன் கோழை. 1880 ஏப்ரல் 6ஆம் திகதி காலை அவர் அணிவகுப்புக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது, கட்டிலோடு கட்டப்பட்டு, காது வெட்டப்பட்டு, இரத்தத்தில் கிடந்தார். பரீட்சைக்குப் பயந்து தன்னைத் தானே வெட்டிக் கட்டிக்கொண்டார் என்று கல்லூரி நிர்வாகம் சொன்னது. விசாரணைக்கு உட்படுத்தப்பட்டவர் விற்றேக்கர்தான். 1881இல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 1882இல் ஜனாதிபதி ஆதர் தீர்ப்பை இரத்துச் செய்தார். ஆயினும் ஒரு பரீட்சையில் தவறினார் என்று கூறி அவரை வெளியேற்றினார்கள்.

அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஜோன் ஸ்கோபீல்ட். அதற்கு முதல் வருடம், 1879 ஓகஸ்ட்டில், இவர் மாணவர்களுக்கு ஒரு உரை நிகழ்த்தியிருந்தார். கடுமையாலும் கொடுங்கோன்மையாலும் சுதந்திர நாட்டின் சிப்பாயை உருவாக்க முடியாது, அப்படி நடத்தினால் படை அழியும் என்பது அதன் சாரம். அந்தப் பகுதியைப் பின்னாளில் ஒவ்வொரு பிளீப்பும் மனப்பாடம் செய்து, மேல்வகுப்பார் உறுக்கும்போது உரத்து ஒப்புவிக்க வேண்டியிருந்தது. நல்ல வாசகங்கள் ஒரு நிறுவனத்தின் வாயில் இருப்பதற்கும் அதன் கையில் இருப்பதற்கும் உள்ள தூரத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

விற்றேக்கரோடு அந்தச் சங்கிலி அறுந்தது. இன்னொரு இடத்தில் அது மறுபடி தொடங்கியது. ஜோன் ஹாங்ஸ் அலெக்சாந்தர் 1887இல் பட்டம் பெற்றார். அவரோடு மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர் சாள்ஸ் யங். கென்ரக்கியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த யங், கணிதத்தில் தவறி முதலாண்டைத் திரும்பப் படித்தார். இறுதியிலும் பொறியியலில் தவறினார். பின்னாளில் பனாமாக் கால்வாயைக் கட்டி முடித்த ஜோர்ஜ் கோதல்ஸ் அவருக்குத் தனியாகப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். 1889இல் யங் தேறினார். அதன்பின் 47 ஆண்டுகள் வெஸ்ற் பொயின்றில் ஒரு கறுப்பினத்தவரும் பட்டம் பெறவில்லை. ஆனால் யங் தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. தன் படைப்பிரிவில் சாதாரண சிப்பாயாக இருந்த ஒருவரை அதிகாரிப் பரீட்சைக்குத் தயார்செய்தார். அந்தச் சிப்பாய் 1901இல் அதிகாரியானார். பெயர் பெஞ்சமின் டேவிஸ்.

அந்த டேவிஸின் மகன், அதே பெயர் கொண்டவர், 1932இல் வெஸ்ற் பொயின்றுக்குப் போனார். முதல் நாட்களில் மற்றவர்கள் அவரோடு சாதாரணமாகப் பேசினார்கள். ஒருநாள் நிலக்கீழ் அறையில் ஒரு கூட்டம் என்று அறிவித்தார்கள். அவரும் போனார். போகும்போதே, தன்னை என்ன செய்வது என்று மற்றவர்கள் கேட்டுக்கொள்வது காதில் விழுந்தது. கூட்டம் தன்னைப் பற்றியது என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து நான்கு ஆண்டுகள் கடமைப் பேச்சைத் தவிர யாரும் அவரோடு பேசவில்லை. அறையிலும் முகாம் கூடாரத்திலும் தனியாள். முதலாண்டு முடிந்தது, மௌனம் முடியவில்லை. 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார். விமானியாக விண்ணப்பித்தபோது கறுப்பர்களுக்குப் படைப்பிரிவு இல்லை என்று மறுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அதே மனிதர் கறுப்பின விமானிகளின் படைக்குத் தலைமை தாங்கினார்.

இவர்களை நாம் வீரர்களாக வழிபட வேண்டியதில்லை. பிளிப்பர் தன் குதிரைப்படையோடு அப்பாச்சி மக்களுக்கு எதிராகப் போனவர். யங் பிலிப்பைன்ஸ் மக்களை அடக்கிய போரில் நின்றவர். ஒடுக்கப்பட்டவன் உள்ளே எடுக்கப்படும்போது, இன்னொருவனை ஒடுக்கும் வேலையும் அவன் கையில் கொடுக்கப்படுகிறது. அதிலும் பிளிப்பரை அந்தப் படை வைத்திருக்கவில்லை. பணத்தைக் கையாடிய குற்றத்திலிருந்து இராணுவ நீதிமன்றமே அவரை விடுவித்தது. ஆனாலும் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று காரணம் காட்டி 1882இல் வெளியேற்றினார்கள். மன்னிப்புகள் எல்லாம் நூறாண்டு பிந்தி வந்தன. விற்றேக்கருக்கு 1995இலும் ஸ்மித்துக்கு 1997இலும் இறந்தபின் அதிகாரிப் பதவி. பிளிப்பருக்கு 1999இல் ஜனாதிபதி மன்னிப்பு. 2017இல் வெஸ்ற் பொயின்றில் திறந்த ஒரு மாணவர் விடுதிக்கு டேவிஸின் பெயர். நான்கு ஆண்டுகள் அறைத்தோழன் இல்லாதிருந்தவரின் பெயரில் இன்று நூற்றுக்கணக்கானோர் தங்கும் கட்டடம் நிற்கிறது.

கோப்பை கழுவும் இடத்தில் நின்ற எம்மவர்க்கு இரண்டு விதமான முதலாண்டும் தெரியும். செஃப் கத்துவான், சட்டி பறக்கும். ஆறு மாதம் போக வெங்காயம் வெட்டத் தருவான், பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவான். அது தாங்கக்கூடியது. வேறு சில குசினிகளில் யாரும் கத்துவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கதிரை மட்டும் தள்ளிப் போடப்பட்டிருக்கும். அங்கே நின்றுபிடித்தவர்கள் தமது மனத்திடத்தால் மட்டும் நின்றதாக நாம் நம்பவில்லை. முன்னர் வந்த ஒருவர் கொப்பி ஒற்றையில் எழுதிக்கொடுத்த பத்துச் சொற்கள், எந்தக் கந்தோருக்கு எந்தக் கடிதத்தோடு போக வேண்டும் என்ற தகவல், யாரோடு வாய்கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, இவையும் சேர்ந்துதான் நிறுத்தின. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் குடியில் அழிந்தார்கள். எம் வெற்றிக் கதைகளில் அவர்களுக்கு இடமில்லை.

புலம்பெயர்ந்த எம் சமூகம் தன் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறது. முதல் வைத்தியர், முதல் நகரசபை உறுப்பினர், முதல் கடை என்று பட்டியல்கள் வருகின்றன. வரட்டும். அதற்குப் பக்கத்தில், தேறாமல் போனவர்கள் அடுத்தவனுக்கு எதை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள் என்பதையும் யாராவது சேர்த்து வைக்க வேண்டும். இனி வருபவர்களுக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.