கண் காக்கும் தோல்: தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் நோயாளியின் அறிவு

தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய சிகிச்சை பற்றி எழுதுகிறவர்கள் நோயாளியின் பேச்சை ‘மனநிலை’, ‘ஒத்துழைப்பு’ என்ற இரண்டு தலைப்புகளுக்குள் அடக்கிவிடுவது வழக்கம். சோர்ந்திருந்தார், தேறினார், பயிற்சிக்கு இணங்கினார், இணங்கவில்லை. மாதக்கணக்கில் வார்டில் கிடந்த ஒருவர் தன் உடலைப் பற்றி என்ன கற்றார், யாரிடம் கற்றார் என்பது கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை. அந்தக் கற்றலே மறுவாழ்வுச் சிகிச்சையின் உள்ளடக்கம். அதை உருவாக்கியதில் நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கு நிகரான பங்கு உண்டு. இதுவே இக்கட்டுரையின் வாதம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு இதற்கு வலுவான சான்று.

இரண்டாம் உலகப் போர் வரை தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் பிழைக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களைக் கொன்றன. ஜெர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்கு அகதியாக வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். 1948இல் 16 பேரோடு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டி பாராலிம்பிக்காக வளர்ந்ததைப் பலர் அறிவார்கள். புரட்டிப் படுக்கவைத்ததை யாரும் விழா எடுத்துக் கொண்டாடுவதில்லை. உயிர்களைக் காத்தது அதுதான்.

வேலூரில் இந்தச் சிகிச்சைக்கு வழிவகுத்த மேரி வர்கீஸ் 1925இல் கொச்சியில் பிறந்தவர். வேலூரில் படித்து அங்கேயே இளம் மருத்துவராக இருந்தபோது 1954 ஜனவரியில் சாலை விபத்தில் சிக்கினார். இரு கால்களும் செயலிழந்தன. தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைப்பதில் பெயர்பெற்ற பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவைசிகிச்சைகளைக் கற்றுச் செய்யலானார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயாளியாகப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மருத்துவராகப் பயின்றார். 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. இந்த வாழ்க்கையை மனவுறுதியின் கதையாகச் சொல்லிச் சொல்லி அதன் அறிவுப் பக்கத்தை மறைத்துவிட்டோம். ஒரு துறையின் தலைவரே அத்துறை சிகிச்சையளிக்கும் நிலையில் வாழ்ந்தவர் என்பதை மருத்துவ வரலாறு உரிய கவனத்தோடு ஆராய வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அவருடைய முதல் பணி தொழுநோய் அறுவைசிகிச்சையாக அமைந்தது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆனால் இரண்டு துறைகளுக்கும் நடுவில் ஆழமான உறவு இருக்கிறது. தொழுநோயாளியின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் கீறலிலும் ஓயாத அழுத்தத்திலும் அடிபட்டே அழிகின்றன என்பதைப் பிராண்ட் வேலூரில்தான் கண்டறிந்து நிறுவினார். தண்டுவடம் சிதைந்தவரின் பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நேர்வதும் இதுவே. நலமாக இருப்பவர் உட்கார்ந்த இடத்தில் தம்மையறியாமல் நெளிந்துகொண்டே இருக்கிறார். தோலில் எழும் சிறு நோவு அவரை நெளியவைக்கிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போகும் வழி அறுந்தவருக்கு எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே தசை நசுங்கி ரத்தம் நின்றுபோவது தெரியாது. வெளியே ரூபாய் அளவு சிவப்பு தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கலாம். ஆகவே வலி செய்துவந்த வேலையைக் கண்ணும் கடிகாரமும் கையும் ஏற்கின்றன: காலையும் மாலையும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது, சிவப்பை அழுத்தி அது வெளுக்கிறதா என்று சோதிப்பது, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்குவது. வெயிலில் காய்ந்த மோட்டார் சைக்கிள் இருக்கையும் மடியில் வைத்த சூடான டம்ளரும் ஆபத்து என்று அறிவது. செவிலியர் இதை விதியாகச் சொல்ல முடியும். பஸ்ஸில் எப்படித் தூக்குவது, கல்யாண வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எப்படித் தூக்குவது என்பதை நாற்காலியில் வாழ்ந்தவரே சொல்ல முடியும்.

சிறுநீர்ப்பை விஷயமும் அப்படித்தான். ஜாக் லாபிடஸ் 1972இல் முன்வைத்த முறைப்படி, நோயாளி தாமே நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிடலாம். முற்றான கிருமிநீக்கம் வேண்டியதில்லை, சோப்பும் தண்ணீருமாகச் சுத்தம் இருந்தால் போதும் என்று அவர் காட்டியது அறுவைக்கூட மரபுக்கு அதிர்ச்சியாக இருந்தது. சிறுநீரகங்களைக் காப்பாற்றிய இந்த முறையின் உட்பொருள் கவனிக்கத்தக்கது: மருத்துவரின் கையிலிருந்த கருவி நோயாளியின் கைக்கு மாறிவிட்டது. குடிக்கும் தண்ணீரை அளப்பதும், சிறுநீரின் நிறத்தையும் நாற்றத்தையும் கவனிப்பதும் அவர் பொறுப்பாயின. மார்பின் நடுப்பகுதிக்கு மேல் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்து, ரத்த அழுத்தம் ஏறும். பல வேளைகளில் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பையோ மடங்கிய குழாயோதான். அவசரப் பிரிவின் இளம் மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையைத் தேடும்போது, ‘முதலில் டியூப்பைப் பாருங்க’ என்று சொல்லத் தெரிந்த நோயாளி பிழைத்துக்கொள்வார். தாம்பத்தியம் பற்றியோ வார்டில் எவரும் வாய் திறப்பதில்லை. அதற்கும் பழைய நோயாளிகளே ஆசிரியர்கள், அதுவும் தாழ்ந்த குரலில்.

இனி எதிர்வாதம். நோயாளி கேட்பது நடையை, நீங்கள் தோலையும் மூத்திரத்தையும் பேசுகிறீர்களே என்று பிசியோதெரபிஸ்ட் கேட்கலாம். ‘எப்ப நடப்பான்?’ என்பதே உறவினர் அனைவரின் கேள்வி. நம்பிக்கையைப் பறிப்பது கொடுமை என்பதும் சரி. காயம் முழுமையற்றதாக இருந்தால் நடைப் பயிற்சியே முதன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் மார்பு மட்டத்தில் தண்டுவடம் முழுமையாக அறுந்தவரைக் காலிப்பர் மாட்டிப் பேரலல் பாருக்குள் நிற்கவைப்பது எலும்புக்கும் மனத்துக்கும் நல்லது என்பதற்கு மேல் அதை நடை என்று அழைப்பது ஏய்ப்பு. அந்த நடை உடலின் வலுவை அவ்வளவு உறிஞ்சுவதால் பலர் வீடு சேர்ந்ததும் காலிப்பரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். அதைத் தோல்வி என்று எழுதுவது அநியாயம். தம் ஆற்றலை எங்கே செலவிடுவது என்று கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். காயத்தின் அளவை ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை எழுத்தால் குறிக்கும் பன்னாட்டு முறையும், சிறுநீர் கழித்தல், உடை உடுத்தல், இடம் மாறுதலுக்கு மதிப்பெண் தரும் அளவுகோல்களும் தேவையானவை. இந்தக் கணக்குக்கு அவற்றில் கட்டம் கிடையாது.

தண்டுவடக் கட்டியால் மெல்ல மெல்லச் செயலிழந்த அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் மர்ஃபி, 1987இல் வந்த தம் நூலில், ஊனமுற்றவர் நோயாளியும் அல்லாமல் நலமானவரும் அல்லாமல் இடைநிலையில் நிறுத்தப்படுகிறார் என்று வாதிட்டார். சமூகத்தின் பார்வை பற்றி அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் முன்னிறுத்துவது தனி மனிதர் ஒருவரின் துயரம். நம் வார்டுகளில் நோயாளி தனியாக இருப்பதில்லை. தாயோ மனைவியோ அண்ணனோ ‘அட்டெண்டர்’ என்ற பெயரில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருக்கிறார். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பவர் பெரும்பாலும் அவர்தான். குட்மன் முறை செவிலியர் கூட்டத்தை நம்பி எழுந்தது. இங்கே அது குடும்பத்தின் முதுகில் நிற்கிறது. பயிற்சி அந்த இருவருக்கும் சேர்த்தே தரப்பட வேண்டியது. கூலி இழந்து வந்திருக்கும் அந்த அட்டெண்டரின் முதுகுவலி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

டிஸ்சார்ஜ் நாளில் முடிவதுபோல் தோன்றும் சிகிச்சை, சக்கரம் நுழையாத கழிவறைக் கதவின் முன்னால்தான் சோதனைக்கு உள்ளாகிறது. வேலூர் நிலையம் இதை உணர்ந்ததாலேயே பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் திரும்ப அழைத்து ‘ரீஹேப் மேளா’ நடத்துகிறது. பரிசோதனையோடு விளையாட்டும் உண்டு. புதிதாக அடிபட்டவர் பழையவரைக் காண்பதும் அங்கே நடக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் வேறொரு வழி தெரிகிறது. கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975இல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கிய நிறுவனத்துக்குத் தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவரின் பெயரால் அமர் சேவா சங்கம் என்று பெயரிட்டார். இரண்டு இடங்களிலும் நோயாளியே நிறுவனம் கண்டார் என்பது வியந்துவிட்டு விலகும் செய்தியாக இருக்கக் கூடாது.

எனவே ஒரு கோரிக்கை. தண்டுவட நோயாளிகளைச் சேர்க்கும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் பணியிடங்களோடு, சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் நோயாளி ஒருவருக்கும் பயிற்றுநர் பணியிடம் ஒதுக்க வேண்டும். அது கௌரவப் பதவியாக இல்லாமல் மாதச் சம்பளத்தோடும், கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடும் உரிமையோடும் இருக்க வேண்டும்.