இதழடியில் இரண்டு செதில்கள்

அன்னாசிப்பழம் எல்லாருக்கும் தெரியும். போர்த்துகீசியர்கள் மூலமா பழத்தோட சேர்ந்து பேரும் நமக்கு வந்துச்சு, மூலம் தென் அமெரிக்கப் பழங்குடி மொழி. அதோட பங்காளிகள் நிறைய பேர் அந்தப் பக்கத்து மழைக்காடுகள்ல மரக்கிளை மேல உட்கார்ந்திருக்காங்க. ஒட்டுண்ணி இல்லீங்க, மரத்துல இடம் மட்டும்தான் வாடகைக்கு. இலைகளைக் கிண்ணம் மாதிரி அடுக்கி மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அதுலயே பொழப்பு நடக்குது.

அதுல ஒரு பேரினம் வ்ரீசியா. 1843-ல் ஜான் லிண்ட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், டச்சுக்காரரான டி வ்ரீஸைக் கௌரவிக்க வைத்த பெயர். பக்கத்து வீடு டில்லாண்ட்சியா, அது லின்னேயஸ் காலத்துப் பழைய குடும்பம். ரெண்டுக்கும் நடுவுல சுவர் எங்கே?

பூவின் இதழைப் பிரிச்சு உள்பக்கம் அடியில் பார்க்கணும். குட்டியா இரண்டு செதில்கள் இருந்தா வ்ரீசியா, இல்லைன்னா டில்லாண்ட்சியா. அவ்வளவுதான் மேட்டர்! எங்க பாஷையில சொன்னா ஒரே ஒரு இஃப்-எல்ஸ். ஜெர்மானியர் கார்ல் மெஸ், அப்புறம் அமெரிக்கர் லைமன் ஸ்மித்னு பெரிய தலைகள் எல்லாம் இந்தச் செதிலை நம்பித்தான் பிரிச்சாங்க. ஸ்மித்தும் டவுன்ஸும் 1977-ல் வெளியிட்ட தொகுதிதான் ரொம்ப நாளைக்கு இந்தத் துறைக்கு வேதம்.

சிக்கல் என்னன்னா, உலர்த்தி அட்டையில் ஒட்டிய மாதிரியில் அந்த மெல்லிய செதிலைத் தேடுவது பெரும்பாடு. இருக்கா, நசுங்கிப் போச்சா, யார் கண்டா? காட்டுல பூத்து நிக்கிற செடிக்கு அருங்காட்சியக மேஜையில் பேர் முடிவாகுது. அல்கண்டாரியாவை 1929-ல் ஹார்ம்ஸ் தனிப் பேரினமாக்கினார், ஸ்மித் திரும்ப வ்ரீசியாவுக்குள் தள்ளினார், 1995-ல் ஜேசன் கிராண்ட் மறுபடி வெளியே கொண்டுவந்தார். செடி பாட்டுக்கு இருந்த இடத்துலயே இருக்கு :-)

1992-ல் கிரிகரி பிரவுனும் ராண்டல் டெர்ரியும் செதில் எப்படி உருவாகுதுன்னே பார்த்தாங்க. பூ வளர்ச்சியில் ரொம்பக் கடைசியாத்தான் அது முளைக்குது. கடைசி நேரத்துல ஒட்ட வைக்கிற ஒன்று வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியா வரலாம், போகலாம். அதை வச்சு உறவுமுறை சொன்னா, மீசை வச்சவங்க எல்லாம் அண்ணன் தம்பின்னு சொல்ற கதைதான்.

2016-ல் வியன்னாவின் மைக்கேல் பார்ஃபஸ் குழு டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் சேர்த்து வச்சுப் பார்த்து பழைய வ்ரீசியாவை உடைச்சது. பிரேசில் கடலோரக் காட்டுக் கூட்டத்தின் பெரும்பகுதி பேரைத் தக்கவச்சுக்கிச்சு, பலர் வெளியேற்றம். செதிலைச் சந்தேகப்பட்ட பிரவுன் பேரிலேயே கிரெக்பிரவுனியான்னு ஒரு புதுப் பேரினம்!

செடி வளர்ப்பவர்கள் பலர் இன்னும் புலம்புறாங்க, லேபிளை எத்தனை தடவை மாத்துறதுன்னு. என்னைக் கேட்டா மாத்தத்தான் வேணும். பேர் என்பது வம்சக் கணக்கு. கணக்கு தப்புன்னு தெரிஞ்ச பிறகு பழக்கத்துக்காக வச்சுக்கிறது சரியில்ல.

நர்சரிகளில் நெருப்பு வாள் மாதிரி சிவப்பா நீட்டிக்கிட்டு நிக்குமே வ்ரீசியா ஸ்ப்ளெண்டென்ஸ், அதுவும் மாறிடுச்சு. இப்போ லூதேரியா ஸ்ப்ளெண்டென்ஸ். இந்தக் குடும்பத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்த ஹாரி லூதர் நினைவாக வச்சது. அவர் 2012-லேயே இறந்துட்டார்.