தோலும் தாளும்

மகாவலி கங்கையின் கிளைகளுள் ஒன்று வெருகலாறு என்னும் பெயருடன் கடலை அடைகின்றது. அவ்வாற்றின் அருகே, திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் அமைந்துள்ளது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வழிபட்டுச் செல்லும் பதி அது. இத்தகைய கோயில்களின் திருவிழாக் காலத்தில் மேளத்தின் ஒலி வீதியில் எழும். அவ்வொலியையே குழாய் ஒலிபெருக்கி ஊரின் எல்லை வரை கொண்டு செல்லும். ஆயினும், வீதியில் நின்று கேட்ட மேளமும் தொலைவில் நின்று கேட்ட மேளமும் ஒன்றாக இருப்பதில்லை. தொலைவு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், ஒலிபெருக்கியினுள்ளே அதிரும் பொருள்.

மேளத்தில் அதிர்வது தோல். ஒலிபெருக்கியில் அதிர்வது தாளாகவோ உலோகமாகவோ இருக்கும். அதனை விஞ்ஞான நூலார் மென்றகடு என்பர். இரண்டும் காற்றை அசைத்தே ஒலி எழுப்புகின்றன. ஆனால் அவற்றின் தருமங்கள் நேர்மாறானவை. தோலுக்கென்று ஒரு குரல் இருத்தல் வேண்டும். மென்றகட்டுக்கென்று ஒரு குரல் இருத்தலாகாது.

தோலின் குரலைத் தமிழர் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகள் பலவற்றின் பெயர்களைத் தொகுத்து, அவற்றை வகைப்படுத்தியும் காட்டுகின்றார். வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு சீரான தோலை அடித்தால், அதன் அடிப்படைச் சுரத்துடன் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்கான மேற்சுரங்களும் எழுகின்றன. இவை முழு எண்கள் அல்ல. ஆகவே ஒன்றோடொன்று இசையாமல் வெறும் முழக்கமாகவே செவியில் விழுகின்றன. மிருதங்கமோ சுருதியோடு சேர்கின்றது. அதன் வலப்புறத்தில் தோல்களை அடுக்கி, நடுவிலே சோற்றையும் கருநிறக் கற்பொடியையும் பிசைந்து, சிறிது சிறிதாகத் தேய்த்து ஏற்றிய கரணையே அதற்குக் காரணம்.

இந்த உண்மையை உலகுக்கு விளக்கியவர் சர் சி. வி. இராமன். அவரும் சிவகாளி குமாரும் 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இதுபற்றி எழுதினர். 1934இல் இராமன் விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார். நடுவே ஏற்றிய பாரத்தினால் தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான சுரங்களாக ஒடுங்குகின்றன என்பது அவர் கண்ட முடிபு. ஆயினும், அந்தக் கரணையை எந்த அளவில் நிறுத்துவது என்பதை விரலாலும் செவியாலும் முன்னரே அறிந்திருந்தவர்கள் தோல் வினைஞர்கள். வித்துவான்களின் பெயர்கள் நிலைத்தன. வினைஞர்களின் பெயர்கள் மறைந்தன. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர்ப் பர்லாந்து போன்றோரைப் பற்றி ரி. எம். கிருஷ்ணா முழு நூல் ஒன்று எழுதியது 2020ஆம் ஆண்டிலேதான்.

ஒலிபெருக்கியின் வரலாறும் தோலிலேயே தொடங்கியது வியப்புக்குரியது. அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1875இல் அமைத்த சோதனைத் தொலைபேசியில் அதிர்ந்தது விலங்குத் தோற்சவ்வே. பின்னர் இரும்புத் தகடு அதன் இடத்தைப் பெற்றது. தகடு உறுதியானது, ஆனால் தட்டிய வெண்கலக் கிண்ணம் போலத் தன் சொந்தச் சுரத்தை உடன் ஒலிப்பது. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒழுங்காக ஒலிபரப்பாகத் தொடங்கிய காலத்தில், பெரும்பாலோர் கேட்டது அத்தகைய தகட்டின் குரல் கலந்த ஒலியையே.

அதே 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செஸ்டர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் ஒரு தீர்வை வெளியிட்டனர். காந்தத்தின் இடையே அசையும் கம்பிச் சுருளுடன் தாளாலான சிறு கூம்பை அவர்கள் இணைத்தனர். தாள் இலேசானது, கூம்பாக்கினால் விறைப்புடையது, அதன் நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து எஞ்சிய அதிர்வை விரைவில் அடக்கிவிடும். இலேசு, விறைப்பு, அடக்கம் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் அமைவது அரிது. உலோகத்தில் விறைப்பு மிகுதி, அடக்கம் குறைவு. அக்கால ஒலிபெருக்கிகள் சிலவற்றில் தாட்கூம்பின் விளிம்பைத் தாங்கி நின்றதும் மெல்லிய தோலே.

தாளுக்கும் ஒரு குறை உண்டு. அது ஈரத்தை உறிஞ்சும். மாரிக் காலத்தில் கீழைக் கரையோரத்துப் பறைக் கலைஞர் தளர்ந்த தோலை நெருப்பிற் காய்ச்சி முறுக்கேற்றுவர். தளர்ந்த தாட்கூம்பை அவ்வாறு காய்ச்ச இயலாது. மேலும், ஒரு தாட்கூம்பைப் போல மற்றொன்று அமைவதும் எளிதன்று. இக்குறைகளைப் போக்க பி.பி.சி. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1960களில் பெக்ஸ்திரீன் என்னும் பிளாத்திக்கையும், அடுத்த பத்தாண்டில் பொலிபுரோப்பிலீனையும் கையாண்டனர். முன்னதன் மீது அதிர்வை அடக்கும் பூச்சொன்றும் பூச வேண்டியிருந்தது. தோலின் மீது கரணை ஏற்றியவர் குரல் கொடுப்பதற்காக ஏற்றினார். பிளாத்திக்கின் மீது பூச்சிட்டவர் குரலை அடக்குவதற்காக இட்டார்.

வீதியில் நிற்கும் குழாய் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் அமைவது சிறிய அலுமினியத் தகடோ பிசினூட்டிய துணியோ ஆகும். பேச்சைத் தொலைவுக்கு அனுப்பவே அது வகுக்கப்பட்டது. தாழ்ந்த சுரங்களை எழுப்ப அதன் சிறு தகட்டுக்கும் குறுகிய குழாய்க்கும் ஆற்றல் இல்லை. எனவே மேளத்தின் தாழ்ந்த முழக்கம் வீதியிலேயே நின்றுவிட, கூரிய ஓசை மட்டும் ஊரைச் சுற்றுகின்றது. அதனைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மேளத்தின் பாதியையே மேளம் என்று எண்ணக்கூடும். கலைஞரின் கையைத் தகட்டின் குணத்தால் மதிப்பிடவும் கூடும். ஒலிபெருக்கி எவ்வளவு திருந்தினாலும், தோலின் முழுக் குரலை அறிய விரும்புவோர் அதன் அருகிற் சென்று நிற்றல் வேண்டும். கருவியைச் செய்தவரின் உழைப்பும் அங்கேதான் செவிக்குப் புலப்படும்.