பெரிய மார்க்கெட்டில் ஈசல் விற்ற ஆயா

பெரிய மார்க்கெட்டுக்கு அரசாங்கம் வைத்த பெயர் குபேர் அங்காடி. 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நேரு வீதியையும் என் தாத்தா கடைசிவரை துய்ப்ளேக்ஸ் வீதி என்றுதான் சொன்னார். அந்த வீதிப் பக்கம் நுழையும் இடத்தில், மழை பெய்த மூன்றாம் நாள், ஓர் ஆயா சாக்கை விரித்து உட்காருவார். கூடை நிறைய ஈசல்.

முறத்தில் புடைத்து இறகு நீக்கி, வெயிலில் காயவைத்து, சட்டியில் வறுத்து, பொரியரிசியும் பொட்டுக்கடலையும் கலந்தது. ஆழாக்கில் தலைதட்டாமல் அளந்து, மேலே ஒரு பிடி கொசுறும் போடுவார். வாயில் போட்டால் முதலில் பொரி நொறுங்கும், பிறகு நெய்யில் வறுத்த மாதிரி ஒரு கொழுப்புச் சுவை எழும். தப்பி வந்த இறகு ஒன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஈசல் பிடிப்பதில் இருளர்கள் கைதேர்ந்தவர்கள். மழை விட்ட இரவில் புற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் பானையைப் பதித்து விளக்கு வைப்பார்கள். வெளிச்சத்துக்கு வரும் ஈசல் பானையில் விழும். பழக்கம் புதிதல்ல. பாரியின் நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்று 119ஆம் பாட்டில் ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்புணவு வருகிறது. அகநானூறு 394இல் ஈசல் போட்டு ஆக்கிய புளிச்சோறே இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தாத்தா, விளக்கடியில் ஈசலைக் கண்டால் 'எஃபெமேர்' என்பார். ஒரு நாள் வாழ்வது என்று பொருள். அந்தப் பெயர் வேறொரு பூச்சிக்கு உரியது. அது ஏரியிலும் ஓடையிலும் நீருக்கடியில் மாதக்கணக்கில் வளர்ந்து, இறகு முளைத்து வெளியே வந்தபின் ஒன்றும் தின்னாமல், முட்டையிட்டு ஓரிரு நாளில் சாகும். ஈசல் கறையான் இனம். பல்லிக்கும் காக்கைக்கும் பானைக்கும் தப்பிய ஜோடி இறகை உதிர்த்து மண்ணுக்குள் இறங்கினால் புதுப் புற்று உண்டாகும். அதன் ராணி பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஈசலுக்கு ஒரு நாள் ஆயுசு என்று நாம் பரிதாபப்படுவது தவறு.

கடைசியாகப் பார்த்தபோது கூடையில் பாதிதான் இருந்தது. "என்னா ஆயா, இவ்ளோதானா?" என்றேன். "கொல்லையெல்லாம் மனை போட்டுட்டாங்கப்பா, புத்து எங்க இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

கடை எண்ணோ வாடகைச் சீட்டோ இல்லாமல் நடந்த வியாபாரம் இது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஈசல் வாங்கித் தின்றிருந்தால், எந்த மூலையில், யாரிடம், எந்த அளவையில் என்று கேட்டு எழுதி வையுங்கள்.