ஐவேளைத் தொழுகையும் சிங்கப்பூர் நகரமும்



தோட்டத்தில் வாழும் நமக்கு நேரத்தைச் சொல்லி வந்தது எது? விடியுமுன் அடிக்கும் பெரட்டு மணி. எழுவதும் வெட்டுக்குப் போவதும் பால் நிறுப்பதும் அந்த மணிக்கும் தண்டலின் குரலுக்கும் கட்டுப்பட்டே நடந்தன. உழைப்பவனின் பொழுது நிர்வாகத்தின் கையில் இருந்தது என்பதை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். பட்டணத்திலும் இதே கதைதான். அங்கே மணிக்குப் பதில் தொழிற்சாலைச் சங்கு, அலுவலகக் கடிகாரம்.

அப்படியானால், நாள் ஒன்றுக்கு ஐந்து வேளை இறைவனுக்கென்று ஒதுக்கக் கடமைப்பட்ட ஒருவர், பெருநகரத்தில் அக்கடமையை எப்படி நிறைவேற்றி வந்தார்? சிங்கப்பூர் முஸ்லிம்களின் சுமார் இருநூறு ஆண்டு வரலாற்றைக் கொண்டு இதற்கு விடை காண்போம். அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம் தமிழ் மக்கள் இருப்பதும் நாம் அறிய வேண்டிய செய்தியாகும்.

முதலில் அந்த ஐந்து வேளைகள் எவையெனப் பார்ப்போம். கிழக்கு வெளுத்ததிலிருந்து சூரியன் உதிப்பதற்குள் சுபுஹு. உச்சி சாய்ந்தபின் லுஹர். பிற்பகலில் அஸர். சூரியன் மறைந்தவுடன் மஃரிப். அந்திச் செம்மை முற்றும் மறைந்தபின் இஷா. இவை ஐந்தும் சூரியனைக் கொண்டு கணக்கிடப்படுபவை. தொழுமுன் கை, முகம், கால்களைக் கழுவி ஒளூச் செய்துகொள்ள வேண்டும். தொழும் இடம் தூய்மையாக இருக்கவேண்டும். முகம் மக்கா நகரத்துக் கஃபாவை நோக்கவேண்டும். ஒரு வேளைத் தொழுகைக்குச் சில நிமிடங்களே போதும். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் நாள்தோறும் தவறாமல் கிடைக்கவேண்டும்.

1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வாணிகத் தலம் அமைத்தனர். விரைவிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் அங்கு வந்தனர். சூலியர் என்று அழைக்கப்பட்ட இவர்களில் வணிகரும் இருந்தனர், நாணயம் மாற்றுவோரும் இருந்தனர், படகிலும் துறையிலும் உழைத்தோரும் இருந்தனர். வந்து சில ஆண்டுகளுக்குள், 1826இல், அன்சார் சாயிபு என்பவரின் தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். இன்று நாம் காணும் கட்டடம் 1830களில் எழுந்தது. இதே சாலையில், சிறிது தூரத்தில், 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒரே கரையிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்து வழிபட்டனர் என்பதற்கு இவ்விரண்டும் இன்றளவும் சான்றாக நிற்கின்றன.

அந்தப் பள்ளிவாசலில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அதன் முன்வாசல் சாலையை ஒட்டி நேராக நிற்கிறது. உள்ளே தொழுகைக் கூடமோ சற்றுத் திரும்பி நிற்கிறது. காரணம், சாலை நகரத் திட்டத்தைப் பின்பற்றியது. தொழுகைக் கூடம் மக்காவின் திசையைப் பின்பற்றியது. நகரத்தின் ஒழுங்கையும் மதித்தார்கள், தங்கள் கடமையையும் விடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து நடத்தும் முயற்சியே பின்வந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது.

அருகே தெலுக் ஆயர் தெரு. அந்நாளில் அது கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நாகூர் ஆண்டவரை நினைந்து அங்கே தர்கா ஒன்றை எழுப்பினர். அதே தெருவில் 1827இல் ஒரு கூரைக் குடிசை தொழுமிடமாயிற்று. அதைத் தமிழர் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தனர். 1850களில் கல்லால் கட்டப்பட்டு இன்று அல் அப்ரார் பள்ளிவாசல் என விளங்குவது அதுவே. தோட்டங்களில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கோயில் தொடங்கிய நம் முன்னோரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கையில் காசு சேருமுன்னே வழிபாட்டிற்கு இடம் ஒதுக்குவது, கடல் கடந்து வந்த உழைப்பாளியின் வழக்கம்.

டன்லப் தெருவில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அவ்விடத்தில் முன்பு இருந்த பழைய பள்ளி, தென்னிந்திய வணிகர்களுக்கும் அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் வேலை செய்த குதிரைக்காரர்களுக்கும் பயன்பட்டது. குதிரை தேய்க்கும் வேலைக்கு நடுவே வந்து தொழுது, மீண்டும் வேலைக்குத் திரும்பியவர்கள் அவர்கள். கம்போங் கிளாமில் உள்ள சுல்தான் பள்ளிவாசலைப் புதுப்பித்துக் கட்டும் பணி 1932இல் நிறைவுற்றது. அதன் பெரிய கும்மட்டத்தின் அடியைச் சுற்றிக் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பொருள் கொடுக்க இயலாத ஏழை மக்கள் தம் பங்காகக் கொடுத்தவை அவை. செல்வர் கொடுத்த பொன்னோடு ஏழை கொடுத்த போத்தலும் உயரத்தில் ஏறி நிற்கிறது.

தொழுகைக்கு அழைக்கும் ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் பாங்கு என்பர். கம்பங்களில் இருந்த பள்ளிகளிலும் சூராவ்களிலும் பெடூக் என்னும் பெரிய முரசை அடித்தும், வாயால் பாங்கு சொல்லியும் மக்களை அழைத்தனர். 1936இல் சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி அமைக்கப்பட்டது. கம்பத்தில் அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் ஒரே சமயத்தவர் ஆதலால், அந்த ஒலி எல்லாருக்கும் உரிய கடிகாரமாக இருந்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன்பின் கம்பங்கள் அகற்றப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டனர். மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தன; அதை மறுக்க முடியாது. ஆனால் கம்பத்தோடு பல சூராவ்களும் சிறு பள்ளிகளும் மறைந்தன. புதிய அடுக்குமாடியில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனப் பலரும் கலந்து வாழ்ந்தனர். இரைச்சலைக் குறைக்கும் இயக்கம் 1974இல் வந்தபோது, பாங்கொலி என்னாவது என்ற கேள்வி எழுந்தது. முஸ்லிம் தலைவர்களும் அரசும் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். பழைய பள்ளிகளில் ஒலியின் அளவைக் குறைப்பது. புதிய பள்ளிகளில் ஒலிபெருக்கியை உட்புறம் திருப்புவது. ஐந்து வேளையும் பாங்கை வானொலியில் ஒலிபரப்புவது.

பள்ளியின் கோபுரத்திலிருந்து வந்த குரல், இவ்வாறு வீட்டு மேசையின் மேலிருந்த பெட்டியிலிருந்து வரத் தொடங்கியது. முதியவர்கள் சிலருக்கு இது மனக்குறையாக இருந்திருக்கும் என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம். எனினும், பத்தாவது மாடியில் இருந்த தாய்க்கும் நோயாளிக்கும் அதுவே வேளையை அறிவித்தது.

அடுத்த தேவை பள்ளிவாசல். 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பெற்றது. முஸ்லிம் தொழிலாளி ஒருவர் மாதம் ஐம்பது காசு கொடுப்பது. அது மத்திய சேம நிதியின் வழியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படுவது. இதுவே ஏற்பாடு. அந்த ஐம்பது காசுகள் சேர்ந்து 1977இல் தோ பாயோவில் முதல் பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு வைத்த பெயர் முஹாஜிரீன். குடிபெயர்ந்தோர் என்பது அதன் பொருள். அந்நிதியால் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் பின்னர் எழுந்தன.

இன்னொரு செய்தியும் உண்டு. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது, சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்தோம். கடிகாரம் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை. ஆகவே லுஹர் வேளை பகல் ஒரு மணியை ஒட்டி அமைந்தது. வேலை செய்வோர் உணவு இடைவேளையில் அதை நிறைவேற்றிக்கொள்ள இயலுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ கூட்டாக நடப்பதால் கூடுதல் நேரம் வேண்டும். அதற்கு மேலாளரின் இசைவும், உடன் வேலை செய்வோரின் ஒத்துழைப்பும் தேவை. சற்று நேரம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துத் தோழரும் அந்த வழிபாட்டிற்கு உதவியவரே.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாகச் சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஜும்ஆவும் நிறுத்தப்பட்டது. ஆனால் ஐவேளைத் தொழுகை நிற்கவில்லை, வீடுகளில் தொடர்ந்தது. கட்டடம் மூடினாலும் கடமை மூடப்படவில்லை.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு ஏன்? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலமாக மாறியும், நம் மக்களும் லயங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குப் போயிருக்கிறார்கள், போகிறார்கள். கோயில் எங்கே, பள்ளி எங்கே, பண்டிகையின் மேளச் சத்தத்தை அண்டை வீட்டார் பொறுப்பாரா என்ற கேள்விகள் நம்மையும் எதிர்நோக்குகின்றன. முன்கூட்டியே கூடிப் பேசியதும், சிறுதொகையை ஒழுங்காகச் சேர்த்ததும், அண்டை அயலாரோடு இணங்கிப் போனதும் அங்கே வழிகாட்டின. இடம் போனபின் வருந்துவதைவிட, இடம் இருக்கும்போதே நிலப் பத்திரத்தைப் பற்றியும் நிதியைப் பற்றியும் நாம் கூடிப் பேசுவது நல்லது.

நாளை நம் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்வார்கள். பக்கத்தில் வேலை செய்யும் முஸ்லிம் தோழர் கை கால் கழுவிக்கொண்டு ஒதுங்கும்போது, அது வேலைக்குச் சோம்பி ஒதுங்குவதன்று, சூரியனோடு செய்துகொண்ட கணக்கு என்று அவர்களுக்கு இன்றே சொல்லி வைப்போம். அந்தச் சில நிமிடங்களுக்கு அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்புவோம்.